பையை எடுத்துக்கிட்டு கிளம்புங்க!

விழுப்புரம், திண்டிவனம்வாசிகளே... இந்த வாரம் வீட்டுக்குக் காய்கறி எங்கே வாங்கினீர்கள்?

இரண்டு ஊர்களிலும் உழவர் சந்தை இருக்கிறது. இதன் முதல் சந்தையை, 1999 நவம்பர் 14-ம் தேதி மதுரை அண்ணா நகரில் திறந்துவைத்தார் அன்றைய முதல்வர் கருணாநிதி. விளைவித்தவரே நேரடியாக விற்க வேண்டும், நடுவில் தரகர் கூடாது என்பதுதான் நோக்கம்.

இங்கே அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்குத்தான் கடை. வாடகை கிடையாது. தராசையும் கொடுத்துவிடுவார்கள். தினமும் காலையில் விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிட சுமார் 20 சதவிகிதம் கூடுதலாகவும், வெளிக்கடை விலையைவிட சுமார் 15 சதவிகிதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம்.

ஆனால், கீரையும் தக்காளியும் மறுநாள்வரை தாங்காது. கூட்டம் வராவிட்டால், மிஞ்சியதைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். 2001-க்குப் பிறகு பல ஊர்களில் உழவர் சந்தைகள் களையிழந்தன. 2006-க்குப் பிறகுதான் மீண்டும் உயிர்பெற்றன. இப்போது செல்போனில் ஆர்டர் போடும் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

எனவே, வாரத்தில் இரண்டு நாளாவது காலையிலேயே ஒரு நடை போய் வாருங்கள். மகளிருக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம்கூட இல்லை. முதலில் விலைப்பலகையைப் பாருங்கள். சில்லறையும் துணிப்பையும் மறக்க வேண்டாம். பலகையில் விலை தெரிவதால் பேரம் பேசும் வேலை மிச்சம். நீங்கள் கொடுக்கும் காசு, பக்கத்துக் கிராமத்து விவசாயியின் கைக்கே நேராகப் போய்ச் சேரும்!