மனுவின் 16 ராத்திரி

'தலைக்குக் குளிச்ச கையோட சேர்ந்தாத்தான் கரு நிக்கும்.' ஜீயபுரத்து வயக்காட்டில் நடவு நடும் பொம்பளைகளிடமும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். யார் போட்ட கணக்கு இது? தூரமான நாளிலிருந்து 16 ராத்திரிதான் ருதுகாலம், முதல் நாலு ஆகாது, இரட்டைப்படை ராத்திரியில் கூடினால் ஆண்பிள்ளை என்று எழுதிவைத்தது மனு. தீட்டென்று தள்ளிவைத்தவனே நாளும் குறித்துக் கொடுத்தான்.

உடம்பு அப்படி எண்ணுவதில்லை. அடுத்த தூரத்துக்குச் சுமார் 14 நாள் முன்னால் முட்டை வெளிவருகிறது. அதன் ஆயுசு ஒரே நாள். விந்தணு 5 நாள்வரை தாங்கும். 28 நாளைக்கு ஒருமுறை தூரமாகிறவளுக்கு ஏறக்குறைய 14ஆம் நாள். 35 நாள்காரிக்கு 21ஆம் நாள், மனுவின் ராத்திரியெல்லாம் முடிஞ்சு போன பிறகு! நாள் முன்னே பின்னே ஆகும், அதனால் எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பிள்ளையைத் தள்ளிப்போட முடியாது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நூலாய் இழுபடும் கசிவு ஓர் அடையாளம். அதைத்தான் 'வெள்ளைபடுது, சீக்கு' என்று பயந்து மறைக்கிறோம்.

சர்க்கார் 1950களின் தொடக்கத்தில் ராமநகரத்தில் பாசிமணி கொடுத்து நாள் எண்ணச் சொன்னது. 1956இல் சென்னை ராஜ்யம் கருத்தடை ஆபரேஷனுக்கு 30 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. சேரிக்கு வந்து சேர்ந்தது கத்திதான். 'ரெண்டு போதும், பண்ணிக்க' என்றவர்கள், அவள் முட்டை என்றைக்கு வருதுன்னு சொன்னார்களா?

பொண்ணு வயசுக்கு வந்தா மைக்செட் கட்டிச் சடங்கு சுத்துறோம். அன்னிக்கே அத்தைமார் உட்கார்ந்து இதையும் சொல்லிக்கொடுத்தால் என்னங்க குறைஞ்சுபோகும்?