வுழூவும் வஸ்வாஸும்: நாங்கள் விட்ட பிழை



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

ளுஹருக்கு வுழூ செய்யப் போன மாணவன் ஜமாஅத் முடிந்த பிறகும் பைப்படியில் நிற்கிறான். முழங்கை நனைந்ததா என்று சந்தேகம், திரும்பவும் கழுவுகிறான். விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. ஆசிரியர்களான நாங்கள் என்ன செய்தோம்? தண்ணீரை வீணாக்காதே என்று ஏசினோம். பிறகு பாவம் பார்த்து, "வுழூ சரி மகன், போய்த் தொழுங்க" என்று ஒவ்வொரு நாளும் சொன்னோம். ஏசியதை விட இந்தச் "சரி"தான் அவனை அதிகம் கெடுத்தது.

நாம் வஸ்வாஸ் என்று சொல்வது இந்த அளவுக்குப் போனால் டாக்டர்கள் அதை ஓசிடி என்கிறார்கள். "சரி" என்று கேட்டதும் பயம் இறங்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். அடுத்த முறை யாராவது சொல்லாமல் தொழவே முடியாது. திரும்பத் திரும்பக் கழுவுவதும் இதே கதைதான்.

சிகிச்சை இதற்கு நேர்மாறானது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இந்த முறையை எழுதி வெளியிட்டார். பயப்படுகிற பொருளைத் தொட வைப்பார்கள், கழுவ விடமாட்டார்கள். இன்று அதைப் படிப்படியாகச் செய்கிறார்கள். முதலில் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழுவாமல் இருப்பது, பிறகு செருப்பு, பிறகு ஒரே தடவை வுழூ செய்து சந்தேகத்தோடேயே தக்பீர் கட்டுவது. பயம் ஏறி, தானாகவே இறங்கும். அதைப் பிள்ளை தன் உடம்பால் அறிய வேண்டும். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் பலவந்தமாகப் பைப்பைப் பூட்டிவிடாதீர்கள்! பிள்ளையின் சம்மதத்தோடு, தெரிந்தவர் வழிகாட்டிச் செய்ய வேண்டியது.

"மார்க்க விசயத்தில் டாக்டர் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது நம் ஃபிக்ஹ் சட்டம்தானே. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' தண்ணீரில் வுழூ செய்தார்கள். அது ஒரு லீட்டர் கூட வராது. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்து எழுதிய நூலில் வஸ்வாஸுக்கும் இடம் கொடுத்தார். ஓதிப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நிறுத்தாதீர்கள்.

கஹவத்தை ஆஸ்பத்திரி ஓபீடியில் விசயத்தைச் சொன்னால் மனநல கிளினிக்குக்கு வழி காட்டுவார்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. தோட்டத்துப் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறோம். அங்கே கதவுப் பூட்டை இருபது தடவை இழுத்துப் பார்ப்பது.

"பைத்தியம் என்பார்களே" என்று பயந்து பல உம்மாமார் போகாமல் இருக்கிறார்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் இன்பொக்ஸில் எழுதுங்கள். எங்களில் ஒருவர் கூட வருவோம்.