ஏளனம் நம் பண்பாடல்ல!

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் சத்தியவேட்டுத் தாய் ஒருவர் எழுந்து நின்று அழுதார். பத்தாம் வகுப்பில் படித்த அவருடைய மகனின் நடையும் பேச்சும் பெண்ணைப்போல் இருக்கிறதென்று, வகுப்பே "ஒன்பது, ஒன்பது" எனக் கூவியிருக்கிறது. பையன் படிப்பை விட்டு மூட்டை தூக்கப் போய்விட்டான். கூவியவர்கள் யார்? நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள்!

பெற்றோரைக் கேட்டோம். "நம் பண்பாட்டில் இதெல்லாம் கிடையாது" என்றனர் சிலர். "வேதம் இதைப் பாவம் என்கிறது" என்றனர் சிலர். ஆக, பிள்ளைகள் இதைக் கற்றது வீட்டிலும் ஜெபக் கூட்டத்திலும்தான்.

முதலில் பண்பாட்டைப் பார்ப்போம். திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் சேலை கட்டி நேர்த்திக்கடன் செலுத்துவதை நாம் அறியோமா? கூவாகத்தில் சித்திரைதோறும் திருநங்கையர் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்வதை அறியோமா? திருவிழாவில் கும்பிட்டுவிட்டுத் தெருவில் விரட்டுவது எந்தப் பண்பாடு? ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு, 1860இல் வெள்ளை அரசு கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தில் இருந்தது. வயது வந்தோர் மனமொத்த உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளையன் சட்டமே போன பிறகும் அவன் வெறுப்பை நாம் சுமப்பானேன்?

அடுத்தது வேதம். போதகர்கள் லேவியராகமம் 20ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். அதற்கு முந்தைய 19ஆம் அதிகாரம், பிழைக்க வந்த அந்நியனை ஒடுக்காமல் தன்னைப்போல் நேசிக்கச் சொல்கிறது. அதை ஏன் காட்டுவதில்லை? அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பிய மந்திரியை, மூலக் கிரேக்கம் அண்ணகன் என்றே சொல்கிறது. ஆணென்றும் பெண்ணென்றும் ஊர் ஒப்பாத அவனைத் தண்ணீரில் இறக்கத் தடையில்லை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் தடையா?

பையனைத் 'திருத்த' வைத்தியம் பார்க்கச் சொல்வோரும் உண்டு. அப்படிப்பட்ட முயற்சிகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடை செய்திருக்கிறது. இது நோயல்ல, திருத்த எதுவுமில்லை.

தோழர்களே! 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைக் கோடு மாறியது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. அங்கே நாம் 'அரவவாடு'. பிழைக்க வந்த இடத்தில் 'கொல்ட்டி'. பேச்சைக் கேட்டே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் வலி தெரிந்த வீட்டிலிருந்தா இன்னொரு பிள்ளைமேல் கல் வருவது?

அந்தப் பையன் மீண்டும் பள்ளி சேரச் சங்கம் உடன் நிற்கும். கூவிய பிள்ளைகளை அவன் வீட்டுக்கு அழைத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைப்பது பெற்றோர் கடமை. அன்பைப் போதிப்பது போதகர் கடமை. உழைப்பவர் வீட்டில் பிறந்த ஒரு பிள்ளையையும் நாம் இழக்கமாட்டோம்!