பல்கலைக்கழகம் வரை சீனம், ஆறாம் ஆண்டு வரை தமிழ்: ஏன் இந்த வித்தியாசம்?

சீனாவில் பல பெரிய பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தமாக ஓர் உயர்நிலைப்பள்ளியும் உண்டு. பெய்ஜிங்கில் ரென்மின் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பள்ளி அப்படிப் பேர்போன ஒன்று. அங்கே இடம் கிடைப்பதே பெரிய விஷயம்.

அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஏற்பாடு நம்ம பினாங்கிலும் இருக்கிறது. நீங்கள் பாயான் பாருவில் இருந்தால் ஜார்ஜ்டவுன் வரை போனால் போதும். ஹான் சியாங் கல்வி வளாகத்தில் சீன ஆரம்பப்பள்ளி, 1950-இல் தொடங்கிய இடைநிலைப்பள்ளி, 2017-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தரம் உயர்ந்த தொடர்புத்துறைக் கல்லூரி என மூன்றும் உண்டு.

தமிழில் இப்படி ஒன்று ஏன் இல்லை? நம்மில் பலருக்கும் வரும் கேள்விதான் இது.

இந்தப் பள்ளிகள் யாருடையவை?

ஹான் சியாங், சுங் லிங் தனியார் பள்ளி, ஜிட் சின், போர் தே, பினாங்கு சீனப் பெண்கள் பள்ளி ஆகிய ஐந்தும் பினாங்கின் தனியார் சீன இடைநிலைப்பள்ளிகள். நாடு முழுக்க 60-க்கும் மேற்பட்டவை உள்ளன. கட்டணமும் சமூக நன்கொடையும்தான் இவற்றை நடத்துகின்றன. சிலவற்றில் தங்கும் விடுதியும் உண்டு.

எல்லாம் 1961 கல்விச் சட்டத்தில் தொடங்குகிறது. முழு அரசாங்க உதவி வேண்டுமென்றால் சீனப் போதனா மொழியைக் கைவிட வேண்டும், இல்லையென்றால் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற நிலை வந்தது. பல பள்ளிகள் மாறின, சில மாறவில்லை. 1917-இல் தொடங்கிய சுங் லிங் இன்று இரண்டாக இருப்பது அதனால்தான்: ஒன்று அரசாங்க உதவி பெறும் எஸ்எம்ஜேகே, இன்னொன்று தனியார்.

யூஇசி என்றால் என்ன?

இப்பள்ளிகளின் பொதுத் தேர்வு. சீனக் கல்வி அமைப்பான டோங் ஜியாவ் சோங் 1975 முதல் நடத்துகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உட்பட வெளிநாடுகளில் பல இடங்களில் செல்லும். சிப்பாங்கில் 2016-இல் திறந்த சியாமென் பல்கலைக்கழகக் கிளையும் ஏற்கிறது. ஆனால் இத்தனை ஆண்டுகளாக, யூஇசியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடிந்ததில்லை. தேர்தலுக்குத் தேர்தல் இது பேசுபொருளாவது அதனால்தான். 2018-இல் பக்காத்தான் ஹராப்பானின் தேர்தல் அறிக்கையிலும் யூஇசி அங்கீகாரம் இடம்பெற்றது.

ஆக, இது இலவசமாகக் கிடைத்த சலுகை இல்லீங்க. கட்டணம் ஒரு விலை, மூடிய கதவு இன்னொரு விலை.

தமிழுக்கு ஏன் இல்லை?

"நம்மவர்களுக்கு ஒற்றுமை இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. சீனப் பள்ளிகளுக்குப் பின்னால் நகரத்து வணிகர்களும் ஊர்ச் சங்கங்களும் இருந்தார்கள். ஹான் சியாங்கையே தியோச்சூ சமூகம்தான் வளர்த்தது. தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் ரப்பர் தோட்டங்களில், தோட்ட நிர்வாகத்தின் கையில், ஆரம்பக் கல்வியோடு நின்றன. 1961-இல் சொந்தக் காலில் நிற்பதா என்று முடிவெடுக்க, தமிழ் இடைநிலைப்பள்ளி என்று சொல்லும்படி நம்மிடம் ஏதும் இல்லை. இன்று பினாங்கில் 28 தமிழ்ப் பள்ளிகள் உண்டு. அனைத்தும் ஆறாம் ஆண்டோடு முடிகின்றன.

அதற்குப் பிறகு தமிழ் இல்லையா?

இருக்கிறது, ஒரு பாடமாக. எஸ்பிஎம்மில் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம். எஸ்டிபிஎம்மிலும் தமிழ் உண்டு. அதற்கு மேல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை. ஏணி இருக்கிறது, நடுவில்தான் படி ஆடுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு தானாக வந்துவிடாது. 1996 கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும். பல பள்ளிகளில் அந்த வகுப்பு பள்ளி நேரத்துக்கு வெளியேதான் நடக்கிறது. மற்ற பாடங்களின் டியூஷனோடு மோதும்போது முதலில் விடப்படுவது தமிழ்தான்.

பல்கலைக்கழகத்தோடு இணைந்த தமிழ் இடைநிலைப்பள்ளி கட்ட நிலம், பணம், ஆசிரியர்கள், பல ஆண்டுகள் எல்லாம் வேண்டும். அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். அதற்கு முன்னால், முதல் படிவத்தில் சேரப்போகும் உங்கள் தம்பி தங்கைக்கு வேண்டியது 15 பெயர்கள். அவர்கள் பள்ளியில் அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள்.