கிச்சனுக்குள் நுழையலாம்

பிக்கிள்பால் கற்க வருபவரிடம் முதல் நாளிலேயே ஒரு பொய் சொல்லப்படுகிறது: “கிச்சனுக்குள் போகக் கூடாது.” மும்பை, பெங்களூரு, அகமதாபாத், சென்னை என நகரந்தோறும் மொட்டைமாடிகளிலும் அடுக்கக வளாகங்களிலும் கோடு கிழித்து ஆடப்படும் இவ்விளையாட்டில் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் எச்சரிக்கை இது. விதியோ அப்படிச் சொல்லவில்லை.

வலையின் இருபுறமும் ஏழடி ஆழத்துக்கு அமைந்த அப்பகுதிக்கு விதிநூல் தரும் பெயர் ‘நான்-வாலி ஸோன்’. அதற்குள் நிற்கலாம்; நடக்கலாம்; தரையில் பட்டு எழுந்த பந்தை அங்கிருந்தே அடிக்கலாம். தரையில் படாமல் வரும் பந்தை, அதாவது வாலியை, அங்கு நின்றோ அதன் கோட்டை மிதித்தோ அடிப்பது மட்டுமே குற்றம். வெளியே நின்று வாலி அடித்த வேகத்தில் உள்ளே கால் வைத்தாலும் அதே குற்றம்தான். தடை செயலுக்கு உரியது, இடத்துக்கு உரியதன்று. முறையான பெயர் இதை வெளிப்படையாகச் சொல்கிறது, செல்லப்பெயர் மறைக்கிறது. நம் பயிற்சிக் களங்களில் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது மறைக்கும் பெயரே.

‘கிச்சன்’ எங்கிருந்து வந்தது? ஷஃபிள்போர்டு ஆட்டத்தில் அப்பெயரில் ஒரு கட்டம் உண்டு. அதில் வட்டு நின்றுவிட்டால் பத்துப் புள்ளிகள் குறையும். அங்கிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம். ஷஃபிள்போர்டை அறிந்த அமெரிக்கருக்கு அச்சொல் எதையேனும் நினைவூட்டலாம். இந்தியக் கற்போருக்கு அது நினைவூட்டுவது வீட்டு அடுக்களையை. யார் நுழையலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதியும் தீட்டும் வேலைக்காரர்–முதலாளி உறவும் தலைமுறைகளாக வரையறுத்துவந்த இடம் அது. ‘கிச்சனுக்குள் போகாதே’ என்ற கட்டளை அப்பழக்கத்தின் மீது போய் உட்கார்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, ஆட வரும் பெண்களிடம் “உங்களுக்குப் பழகிய இடம்தானே” என்ற நகைச்சுவை வேறு. விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் கேலி நிற்கிறது.

இதன் விலையைக் கொடுப்பவர் புதியவர். ஐம்பது வயதில் முதன்முறை பேடிலைப் பிடிக்கும் ஒருவர், கோட்டுக்கு ஓரடி பின்னால் உறைந்து நிற்கிறார். எதிராளி வலையை ஒட்டி மெல்லத் தட்டிவிட்ட பந்து அவர் கண்ணெதிரே இருமுறை குதித்துச் சாகிறது. உள்ளே சென்று எடுத்திருக்க வேண்டிய பந்து அது. ஆனால் “ரிஃப்ளெக்ஸ் போதவில்லை” என்கிறார்கள். சொல்லின் பிழை உடலின் பிழையாக எழுதப்படுகிறது. அவரும் அதை நம்பிவிடுகிறார்.

அடுத்த குற்றவாளி, சேர்ந்தவுடன் கைப்பேசிக்கு வந்து விழும் சொற்பட்டியல். டிங்க், டிராப், டிரைவ், லாப், எர்னி, சைடு-அவுட் என்று அகரவரிசையில் முப்பது சொற்கள். கற்பதற்குரிய வரிசை அகரவரிசையன்று. மொழியில் ஒரு சொல்லின் மதிப்பை அதை அடுத்திருக்கும் சொற்களே தீர்மானிக்கின்றன என்று சொசூர் கற்பித்து நூறாண்டு கடந்துவிட்டது. பிக்கிள்பால் சொற்களஞ்சியமும் அத்தகைய அமைப்புதான். அதன் அடித்தளத்தில் இருப்பது ஒரே எதிர்நிலை: பந்து தரையில் படுமுன் அடிப்பது, பட்டபின் அடிப்பது.

மற்றவை இதிலிருந்து கிளைப்பவை. சர்வும் அதற்கான மறுமொழி அடியும் தரையில் பட்ட பின்னரே எடுக்கப்பட வேண்டும் என்பது இரு-குதி விதி. அதனால் சர்வ் செய்த அணி பின்கோட்டருகே காத்திருக்க, எதிரணி முன்னேறி வாலிக்கு ஆயத்தமாகிவிடுகிறது. அந்த வாலியைப் பயனற்றதாக்க மூன்றாம் அடியை மென்மையாகத் தாழ்த்தி ஏழடிப் பகுதிக்குள் இறக்க வேண்டும். அதுவே ‘தேர்டு ஷாட் டிராப்’. அங்கிருந்து தொடரும் மெல்லிய தட்டல்கள் ‘டிங்க்’. அப்பகுதியைத் தாண்டிக் குதித்தோ, பக்கக்கோட்டுக்கு வெளியே நின்றோ, விதியை மீறாமல் வாலி அடிக்கும் தந்திரம் ‘எர்னி’. எர்னி பெர்ரி என்ற ஆட்டக்காரரின் பெயரால் வழங்குவது. வேரைப் பிடித்தவருக்குக் கிளைகளை மனப்பாடம் செய்யும் தேவையில்லை.

வேரும் புதியதன்று. தெருக் கிரிக்கெட் ஆடிய எந்தக் குழந்தைக்கும் ‘ஃபுல் டாஸ்’ தெரியும். ‘ஒன் பிட்ச், ஒன் ஹேண்ட்’ பிடித்தால் அவுட் என்ற சந்துவிதியும் தெரியும். பந்து தரையில் பட்டதா இல்லையா என்று சண்டையிட்டே வளர்ந்த நாடு இது. இந்த அறிவை விட்டுவிட்டு ஷஃபிள்போர்டிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

“ஆடினால் தானாக வந்துவிடும்” என்பார்கள். நாளெல்லாம் தெருவில் கிடக்கும் குழந்தைக்கு வரும். மணிக்கணக்கில் வாடகை கட்டித் தளத்தில் நிற்பவருக்கு வருமுன் வெட்கம் வந்துவிடுகிறது. இரட்டையர் ஆட்டம் ‘ஜீரோ-ஜீரோ-டூ’ என்று தொடங்கும்போது அந்த ‘டூ’ யாருடைய புள்ளி என்று கேட்கக் கூசி நிற்பவர்கள் எத்தனை பேர்! அது புள்ளியே அன்று, சர்வ் செய்பவரின் வரிசை எண். முதலில் தொடங்கும் அணிக்கு அச்சுற்றில் ஒரே சர்வர் என்பதால் அவர் ‘இரண்டாமவர்’ எனக் கொள்ளப்படுகிறார். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதைச் சொல்லாமல் விடும் இடத்தில், கலைச்சொல் உறுப்பினர் அட்டையாகிவிடுகிறது.

மறுமுனையில் நிற்கும் மொழித்தூய்மையாளர்களும் இதற்கு மருந்தல்லர். ‘ஊறுகாய்ப்பந்து’ என்று மொழிபெயர்ப்பதில் பொருளேயில்லை. 1965இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்த இவ்விளையாட்டுக்குப் பெயரிட்ட ஜோன் பிரிட்சர்ட், பிற படகுகளில் இடம்பெறாத எஞ்சிய துடுப்பாளர்களைக் கொண்ட ‘பிக்கிள் போட்’டை நினைத்தே பெயரிட்டதாகச் சொல்லப்படுகிறது. அங்கே ஊறுகாயும் இல்லை, ஜாடியும் இல்லை. பிக்கிள்பால் பிக்கிள்பாலாகவே இருக்கட்டும். தமிழிலோ கன்னடத்திலோ மராத்தியிலோ சொல்லப்பட வேண்டியது பெயரன்று, விதி.

2025இல் ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் இவ்விளையாட்டுக்கென ஒரு தேசியக் கூட்டமைப்பை அங்கீகரித்துவிட்டது. இனிப் பயிற்சியேடுகள் வரும், பள்ளிகளுக்கும் போகும். அவற்றின் முதல் பக்கத்தில் முப்பது சொற்கள் வேண்டாம். பந்து தரையில் படுமுன், பட்டபின் என்ற இரண்டு தொடர்கள் கற்பவரின் மொழியில் இருக்கட்டும். அவற்றின் கீழே ஒரு வரி: “கிச்சனுக்குள் தாராளமாக நுழையலாம், அங்கே வாலி மட்டும் கூடாது.”