யாரும் கேட்காத ரகசியம்

'நூஷு' என்று ஓர் எழுத்து இருப்பதைக் கேள்விப்பட்டதுண்டா? 'பெண்களின் எழுத்து' என்பதுதான் அந்தச் சீனச் சொல்லுக்குப் பொருள். தெற்குச் சீனாவில் ஹூனான் மாகாணத்தில் ஜியாங்யோங் என்ற மலைப்பாங்கான வட்டாரம் இருக்கிறது. அங்கே சில கிராமங்களில் பெண்கள் மட்டுமே எழுதி, பெண்கள் மட்டுமே படித்து வந்த எழுத்து இது. உலகில் இப்படி இன்னொன்று இருப்பதாகத் தெரியவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அந்தக் காலத்து ஜியாங்யோங்கில் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. சிறு வயதிலேயே பாதங்களைக் கட்டிவிடுவார்கள். ஓடி விளையாட முடியாது. வீட்டின் மாடி அறையில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து நூல் நூற்பார்கள், பூத்தையல் போடுவார்கள், பாடுவார்கள். அம்மாவிடமும் அத்தையிடமும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் இந்த எழுத்தைக் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

சீன எழுத்தைப் படிக்க ஆயிரக்கணக்கான குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். அங்கே ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொருள் உண்டு. நூஷு அப்படியல்ல. வாயில் வரும் ஒலிக்குத்தான் குறி. உள்ளூர்ப் பேச்சை எழுத சில நூறு குறிகள் போதும். கொசுக்கால் போல மெலிந்து சாய்ந்த கோடுகள். காகிதத்தில் எழுதினார்கள், விசிறியில் எழுதினார்கள், கைக்குட்டையில் நூலால் தைத்தார்கள். பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாதவர்கள் பயன்படுத்தி வந்த எழுத்து என்பதை மறந்துவிடக் கூடாது!

எழுத்தை விடவும் ஆச்சரியமானது அதன் பின்னால் இருந்த வழக்கம். அந்த ஊர்களில் பெண்களின் நட்புக்கு ஒரு முறை இருந்தது. ஒரே வயதுடைய இரண்டு சிறுமிகளை உயிர்த்தோழிகளாக இணைப்பார்கள். இதற்கு 'லாவ்தோங்' என்று பெயர். பல பெண்கள் சேர்ந்து உறுதி எடுத்துக்கொண்டு சகோதரிகள் ஆவதும் உண்டு. திருமணத்தைப் போலவே நட்பும் ஊர் அறிந்த உறவு. தோழிக்குக் கல்யாணம் ஆனால், மூன்றாம் நாள் அவள் புகுந்த வீட்டுக்குத் துணியால் அட்டை போட்ட ஒரு சிறிய புத்தகம் போகும். முதல் சில பக்கங்களில் தாயும் தோழிகளும் எழுதிய பாட்டுகள் இருக்கும்: பிரிவின் வருத்தம், வாழ்த்து, புத்திமதி. மீதிப் பக்கங்கள் காலியாக இருக்கும். அவற்றை அவளே எழுதி நிரப்பலாம். பூத்தையல் மாதிரிகளையும் நூலையும் அதற்குள் வைத்துக்கொள்வாள்.

மாமியார் கொடுமை, விதவையின் துயரம், குழந்தையைப் பறிகொடுத்த வேதனை... குடும்பத்துக்குள் வாய்விட்டுச் சொல்ல முடியாததெல்லாம் நூஷுவில் பாட்டாக எழுதப்பட்டது. எழுதத் தெரியாதவர்கள், தெரிந்தவரிடம் போய்த் தன் கதையைச் சொல்லி எழுதி வாங்கினார்கள்.

இதனால்தான் பத்திரிகைகளும் சுற்றுலா விளம்பரங்களும் நூஷுவை 'ரகசிய எழுத்து' என்று அழைக்கின்றன. ஆண்களுக்குத் தெரியாமல் பெண்கள் கண்டுபிடித்த சங்கேத மொழி என்று படிக்கும்போது சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இதைவிடக் கசப்பானது. நூஷுவில் எழுதியதைப் பெண்கள் மனதுக்குள் படிக்கவில்லை, உரக்கப் பாடினார்கள். பாட்டு இருந்தது அந்த ஊர்ப் பேச்சில். வாசலில் நின்ற எந்த ஆணுக்கும் அது காதில் விழும், புரியும். யாரும் ஒளித்து வைக்கவில்லை. அது பெண்கள் சமாச்சாரம், அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று ஆண்கள் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்! வீட்டுப் பெண்களின் ரகசியங்களில் பாதி இப்படித்தான் ரகசியம் ஆகின்றன. சொல்ல மறுத்ததால் அல்ல, யாரும் கேட்காததால்.

கேட்ட ஓர் ஆணும் இருந்தார். ஜோ ஷுவோயி என்பவர் 1950களிலேயே இந்த எழுத்தைத் தேடித் தொகுக்கத் தொடங்கினார். 'வலதுசாரி' என்று முத்திரை குத்தப்பட்டுப் பல ஆண்டுகள் துன்பப்பட்டார். ஆனாலும் விடாமல் பிற்காலத்தில் நூஷுவுக்கு ஓர் அகராதியே வெளியிட்டார்.

இன்னொரு விஷயம். ஒரு பெண் இறந்தால் அவளுடைய நூஷு புத்தகங்களை அவளோடு புதைப்பார்கள், அல்லது எரிப்பார்கள். மறு உலகத்திலும் அவள் படிக்க வேண்டுமாம். மிகப் பழைய நூஷு பிரதிகள் கிடைக்காமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய நஷ்டம். ஆனால் அந்தப் பெண்களின் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. தாய் தன் மகளுக்கு எழுத்தைக் கொடுத்தாள், பாட்டைக் கொடுத்தாள், ஒரு தோழியைத் தேடித் தந்தாள். தன் ரகசியத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது தோழிக்குச் சொந்தம்.

பொதுவாகக் குடும்ப ரகசியம் எப்படிக் கைமாறுகிறது? பாட்டி பட்ட கஷ்டத்தை அம்மா சுமக்கிறாள். அம்மாவின் மனக்குறை மகள் தலையில் இறங்குகிறது. இறக்கி வைக்க வேறு இடமில்லாத பெண், மகளிடம்தான் இறக்கி வைக்கிறாள். நூஷு பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். துயரத்தைச் சொல்ல ஒரே வயதுள்ள, ஒரே நிலையில் உள்ள ஒரு தோழி இருந்தாள். அதனால் மகளுக்கு மிஞ்சியது சுமை அல்ல, சுமையை இறக்கும் வழி.

'இதனால் என்ன பயன்? ஒரு பாதக் கட்டாவது அவிழ்ந்ததா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நூஷு எந்த வழக்கத்தையும் மாற்றவில்லை. அழுதுவிட்டு மறுபடியும் அடங்கிப் போகவே அது உதவியது என்றும் வாதிடலாம். ஆனால் அந்தப் பெண்களுக்குச் சொத்து இல்லை, படிப்பு இல்லை, தானாக ஊர் விட்டுப் போகும் உரிமையும் இல்லை. அந்த நிலையிலும் 'என் கதை எழுதி வைக்கத் தக்கது' என்று நினைத்தார்களே, அது சாதாரண விஷயமா?

1949க்குப் பிறகு பெண்கள் பள்ளிக்குப் போனார்கள். நூஷு கற்கும் தேவை குறைந்தது. கலாசாரப் புரட்சியின்போது இருந்த பிரதிகளிலும் பல அழிந்தன. 1980களின் தொடக்கத்தில் கோங் ஜெபிங் என்ற ஆய்வாளர் மூலம் வெளியுலகம் இதை அறிந்தபோது, எழுதத் தெரிந்தவர்கள் சில மூதாட்டிகளே. அவர்களில் காவ் யின்சியன் 1990இல் இறந்தார். பழைய முறைப்படி கற்றவர்களில் கடைசியானவர் எனப்படும் யாங் ஹுவான்யி, தொண்ணூறு வயதைத் தாண்டி 2004இல் மறைந்தார். 'ஒரு எழுத்து இறந்துவிட்டது' என்று உலகப் பத்திரிகைகள் வருந்தின.

உண்மையில் எழுத்து இறக்கவில்லை. 2005இல் லிசா ஸீ எழுதிய 'ஸ்னோ ஃப்ளவர் அண்ட் தி சீக்ரெட் ஃபேன்' நாவல் அதை உலகெங்கும் கொண்டுபோனது. 2006இல் நூஷு வழக்கம் சீனாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2017இல் யூனிகோடில் சேர்ந்தது. காவ் யின்சியனின் பேத்தி ஹு மெய்யுவே, புவெய் கிராமத்தில் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்து வந்தார். விசிறியில் எழுதி விற்கவும் செய்கிறார்கள்.

காணாமல் போனது எழுத்து அல்ல, அந்த நட்பு முறை. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாததால் வாழ்ந்த எழுத்து, பெண் பள்ளிக்குப் போனதும் ஓய்வெடுத்தால் அதில் அழ எதுவும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு பெண்ணுக்குத் தோழி வேண்டும் என்று ஊரே ஒப்புக்கொண்ட வழக்கத்தை யாரும் அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது. அது வீடுகளில்தான் இருக்க வேண்டும். இன்றைக்கு எத்தனை வீடுகளில் இருக்கிறது? உங்கள் அம்மாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசியது எப்போது?

தெரியாவிட்டால் இன்றே அம்மாவிடம் கேளுங்கள். அவர்கள் பேசிக்கொண்ட ரகசியங்களைக் கேட்க வேண்டாம். அந்தத் தோழியின் தொலைபேசி எண்ணைத் தேடிக் கொடுத்தால் போதும்.