பாறையின் கணக்கும் பணத்தின் கணக்கும்

பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாறை நாளை என்ன செய்யும் என்று இன்றே சொல்ல முடியுமா? அணுவளவும் பிசகாமல் சொல்ல முடியாது; எச்சரிக்கும் அளவுக்குச் சொல்ல முடியும். அப்படியானால் ஹாலந்து நாட்டின் குரோனிங்கன் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டது ஏன்? உழைப்பவர் ஒவ்வொருவரும் இதை அறிய வேண்டும் என்று கருதுகிறோம்.

1959-ல் அங்கே மாபெரும் எரிவாயுக் களம் கண்டுபிடிக்கப்பட்டது. 1963-ல் வாயு எடுக்கத் தொடங்கினார்கள். எடுத்தது ஷெல், எக்ஸான் என்ற இரு எண்ணெய் ஏகபோகங்களின் கூட்டுக் கம்பெனி. வருமானத்தில் பெரும்பங்கு டச்சு சர்க்காருக்கு.

வாயு ஏதோ குகையில் தேங்கிக் கிடக்கவில்லை. மணற்பாறையின் நுண்ணிய துளைகளில், வெளிக்காற்றைப்போல் சுமார் 350 மடங்கு அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்தது. மேலேயுள்ள மண்ணின் பாரத்தில் ஒரு பங்கை அந்த வாயுவே தாங்கி நின்றது. பார வண்டியின் டயரில் காற்று இறங்கினால் வண்டி தாழ்கிறதல்லவா? அதுபோல வாயு வெளியேற வெளியேறப் பாறை நசுங்கிற்று. பாறையில் பழைய பிளவுகள் ஏராளம். பிளவின் இரு பக்கமும் ஒரே சீராக நசுங்காதபோது ஒரு பக்கம் சறுக்கிற்று. அதுவே பூகம்பம்.

கிணற்றிலிருந்து எடுத்த பாறைத் துண்டை ஆய்வுக்கூடத்தில் அழுத்திப் பார்க்கிறார்கள். கிணற்றின் அழுத்தத்தை அளக்கிறார்கள். நிலம் எவ்வளவு தாழும் என்று கணக்கிடுகிறார்கள். நல்ல விஞ்ஞானம்தான். ஆனால் கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது?

1986-ல் பக்கத்து மாகாணத்தின் அஸென் நகரருகே நிலம் அதிர்ந்தது. வாயு எடுப்பதே காரணம் என்றார் மேய்ன்ட் வான் டெர் ஸ்லௌஸ் என்ற புவியியலாளர். அவரைக் கேலி செய்தார்கள். 1993-ல்தான் நிபுணர் கமிட்டி ஒன்று தொடர்பு உண்டென்று ஒப்புக்கொண்டது. பூகம்பம் ரிக்டர் அளவில் 3.3-ஐத் தாண்டாது என்று முதலில் மதிப்பிட்டார்கள்; பிறகு அதை உயர்த்தினார்கள். 2012 ஆகஸ்ட் 16-ல் ஹௌஸிங்க கிராமத்தருகே 3.6! எண் சிறிதுதான். ஆனால் அதிர்ச்சி ஆழத்திலிருந்து வரவில்லை. மேலே மெத்தென்ற மண், செங்கல் வீடுகள்.

2013 ஜனவரியில் சர்க்காரின் சுரங்கக் கண்காணிப்பு இலாகாவே, உற்பத்தியை உடனே குறைக்கச் சொல்லிற்று. நடந்ததென்ன? அந்த ஆண்டு சுமார் 5,400 கோடி கன மீட்டர் வாயு எடுத்தார்கள். முந்திய ஆண்டைவிட அதிகம்!

"கணக்கு நிச்சயமில்லை, மேலும் ஆராய வேண்டும்" என்பார்கள். நிச்சயமில்லை என்பது உண்மையே. நாம் கேட்பது இதுதான்: பாய்லரின் அழுத்தமானி மீது சந்தேகம் வந்தால் நீராவியைக் குறைப்பதா, கூட்டுவதா? எந்த மில் தொழிலாளியும் பதில் சொல்வான். குரோனிங்கனில் சந்தேகத்தின் பலன் லாபத்துக்குப் போயிற்று; சந்தேகத்தின் சுமை வீடுகளில் குடியிருந்தோர் தலையில் விழுந்தது.

மக்கள் போராடினார்கள். 2023-ல் டச்சுப் பார்லிமெண்டின் விசாரணைக் கமிட்டி, அவர்களுடைய நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. சர்க்காருக்குக் கிடைத்தது சுமார் 36,300 கோடி யூரோ, கம்பெனிகளுக்கு சுமார் 6,600 கோடி யூரோ என்று கணக்கும் காட்டிற்று. 2023 அக்டோபர் 1-ல் உற்பத்தி நின்றது. 2024-ல் சட்டப்படி களம் மூடப்பட்டது. முதல் எச்சரிக்கைக்கும் இதற்கும் இடையே 37 ஆண்டுகள்!

பாறை யாரையும் ஏமாற்றவில்லை. அழுத்தக் கணக்கும் பூகம்பக் கணக்கும் நிலத்தின்மேல் வாழ்கிறவர்கள் முன் வைக்கப்பட வேண்டும். வாயு விற்பவனுக்குக் கட்டுப்படாத நிபுணர்கள் அதைச் சோதிக்க வேண்டும். "நிறுத்து" என்று சொல்லும் உரிமை மக்களுக்கு வேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கணக்கும் வெறும் காகிதமே!